மாரிக்கு முன் படகையும் எஞ்சினையும் கரையேற்றி வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுக் கரையில் ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால், சிறு படகுகள் மாதக்கணக்கில் மணலிலேயே கிடக்கும். அந்த மாதங்களில்தான் எஞ்சினின் உள்ளே கறள் பிடிக்கிறது, பின்பலகை உக்குகிறது, காபரேற்றர் அடைத்துக்கொள்கிறது. பங்குனியில் கடல் அடங்கும்போது பக்கத்து வாடிப் படகுகள் எல்லாம் புறப்பட்டுவிடும். சரியாக மூடி வைக்காத படகோ மெக்கானிக்கின் வரவுக்காகக் காத்து நிற்கும்.

இந்த வழிகாட்டி 18 முதல் 23 அடி வரையான கண்ணாடியிழைப் படகும், மண்ணெண்ணெயில் அல்லது பெற்றோலில் ஓடும் இரண்டு வீச்சு (2-stroke) அவுட்போர்ட் எஞ்சினும், அதாவது பின்பலகையில் வெளியே தொங்கும் எஞ்சினும், வைத்திருப்பவர்களுக்கானது. டீசல் எஞ்சின் பூட்டிய படகுகளுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. மன்னார்ப் பக்கத்தார் இதே வேலைகளைச் சோளகக் காற்றுக்கு முன், சித்திரையில், செய்யவேண்டும். அவர்களுடைய கடல் மூடும் காலம் வேறு, வேலை ஒன்றுதான்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவிலும் நோர்வேயிலும் குளிர்காலத்துக்குப் படகை மூடும்போது, குளிராக்கும் குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவார்கள். தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் இரும்பே வெடித்துவிடும் என்பதால் அங்கே அது கட்டாயம். படகு முழுவதையும் பிளாஸ்ரிக் உறையால் இறுக்கிச் சுற்றவும் செய்வார்கள். வன்னியில் எதுவும் உறையப்போவதில்லை. இங்கே நமக்கு எதிரி உப்பும் ஈரமும். இறுக்கிச் சுற்றிய படகு நம் புழுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காணொளிகளில் வேலையின் ஒழுங்கைப் பாருங்கள். பொருட்களை அப்படியே வாங்கப் போகாதீர்கள்.

1. நாளைத் தீர்மானித்தல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்குப்படி, ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது பருவமழை இடைக்காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் நம் பக்கம் வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. எச்சரிக்கை வந்த பிறகு படகை இழுக்க ஆள் தேடுவது கடினம். எல்லோருக்கும் அன்றைக்குத் தங்கள் படகு இருக்கும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். படகின் உடலைத் திருத்தும் வேலைக்கு வெயில் வேண்டும். அதைப் புரட்டாதியில் வரும் நிலவுக் காலத்தில் முடியுங்கள். வலைத் தொழிலில் எப்படியும் அந்த நாட்களில் மீன்பாடு குறைவு. எஞ்சின் வேலையோ கடைசியாகக் கடலுக்குப் போய்வந்த அன்றே செய்யவேண்டியது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த ஒழுங்கைத்தான் அதிகம் மாற்றிவிடுகிறார்கள். மழை தொடங்கும் வரை ஓடிவிட்டு, பிறகு ஈரப் படகில் றெசின் பூசுகிறார்கள். எஞ்சினைக் கழற்றி வாடியில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் கழுவலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வீண்.

2. முன்கூட்டியே சேர்க்கவேண்டியவை

வேலை தொடங்கியபின் கடைக்கு ஓடக்கூடாது. சூடான எஞ்சின் நமக்காகக் காத்திருக்காது.

எஞ்சினுக்கு: இரண்டு வீச்சு எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், கியர்ப் பெட்டித் திருகாணிகளுக்குப் புதிய வாசர்கள், கடல்நீருக்கு ஈடுகொடுக்கும் கிறீஸ், புதிய பிளக்குகள், உங்கள் எஞ்சின் மாதிரிக்கு ஏற்ற இம்பெல்லர் (தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் றப்பர் இதழ்ச் சக்கரம்), கொஞ்சம் பெற்றோல், 200 லீற்றர் பீப்பாய் ஒன்று.

படகுக்கு: கண்ணாடியிழைப் பாய், பொலியெஸ்டர் றெசின், அதை இறுகச் செய்யும் ஹாட்னர், மட்டத்தாள், முகமூடி, கண்ணாடி, கையுறை, பனங்குற்றிகள், தறப்பாள், நல்ல கயிறு.

இவற்றோடு நல்ல தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றில், அதுவும் மழைக்கு முந்திய மாதங்களில், தண்ணீர் சவராக இருக்கும். எஞ்சினின் உப்பைப் போக்கச் சவர்த்தண்ணீரை ஊற்றினால் உப்பு உள்ளேயே தங்கும். வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது வேண்டாம். கரையைவிட்டு உள்ளே இருக்கும் ஊரிலிருந்து ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் ஏற்றிவரும் செலவு, ஒரு எஞ்சின் தலை வாங்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இம்பெல்லரை இப்போதே வாங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பங்குனியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடும்போது கடையில் இருக்காது.

3. கடைசிப் பயணமும் கழுவலும்

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால், கரைக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பெற்றோலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியதுதான். அன்றைக்கு மட்டும் மறக்கவே கூடாது. காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் பிசின் போலக் கெட்டியாகி நுண்துளைகளை அடைக்கும். பிறகு குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கவும் முடியாது.

எஞ்சினைக் கழற்றிக் கரையில் ஒரு வலுவான மரத்தாங்கியில் நிமிர்த்திப் பூட்டுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். சுழலும் புரொப்பெல்லர் பீப்பாயைக் கிழிக்கும், கையையும் கிழிக்கும். பீப்பாயை நல்ல தண்ணீரால் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துவாரங்கள் நன்றாக மூழ்கும்வரை கீழ்ப்பகுதியை உள்ளே இறக்குங்கள். கியர் நடுநிலையில் இருக்கட்டும்.

மெதுவான வேகத்தில் ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இவ்வளவு நேரம் தேவைப்படுவது தெர்மோஸ்ராற் உள்ள எஞ்சின்களுக்காகத்தான். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்ராற் திறந்த பிறகே நல்ல தண்ணீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதைகளுக்குள் போகும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் உப்பு அதிகம் படியும் இடம் கழுவப்படாமலே இருந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சல் மெலிந்திருந்தால், ஒரு மெல்லிய நைலோன் நரம்பை விட்டு அடைப்பை எடுங்கள். அப்படியும் மெலிந்தே வந்தால் பெரும்பாலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு கணமும் தொடக்காதீர்கள். இம்பெல்லர் றப்பரால் ஆனது. தண்ணீர்தான் அதற்கு மசகு. உலர்ந்த நிலையில் சில நொடிகள் ஓடினாலே அதன் இதழ்கள் கருகிப்போகும். சத்தத்தைக் கேட்பதற்காகக் கரையில் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கம் பல இம்பெல்லர்களைத் தின்றிருக்கிறது.

4. எரிபொருளை வெளியேற்றுதல்

கழுவி முடிந்ததும் எஞ்சினை நிறுத்தாதீர்கள். பீப்பாய்த் தண்ணீரில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள். காபரேற்றரில் இருப்பது எரிந்து தீர்ந்ததும் தானாக நிற்கும். நின்ற பிறகுதான் கீழ்ப்பகுதியைத் தண்ணீரிலிருந்து எடுக்கவேண்டும்.

தானாக நின்றதால் காபரேற்றர் வெறுமையாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கியே இருக்கும். அடித்திருகாணியைத் திறந்து ஒரு சிறு போத்தலில் வடியுங்கள். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அடியில் தண்ணீர்க் குமிழிகள் உருள்வது தெரியக்கூடும். தெரிந்தால் உங்கள் எரிபொருள் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது. அதையும் கழுவி உலர்த்துங்கள்.

கையால் தூக்கும் பிளாஸ்ரிக் தாங்கியை முழுவதும் வெறுமையாக்கி வைப்பதே நல்லது. பெற்றோலும் எண்ணெயும் கலந்த கலவை மாதக்கணக்கில் நின்றால் பழுதாகிப் பிசுக்குப் பிடிக்கும். மிஞ்சியதை இப்போதே வேறு எஞ்சினுக்குக் கொடுத்துவிடுங்கள். எரிபொருளைச் சமையலறைக்குப் பக்கத்திலோ பிள்ளைகள் தூங்கும் அறையிலோ வைக்கவேண்டாம். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பில் பற்றும்.

5. சிலிண்டருக்கு எண்ணெய்

இரண்டு வீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் புதிய எண்ணெய் வராது. மாரியின் ஈரக்காற்றில் சிலிண்டர்ச் சுவரும் வளையங்களும் சுழலும் தண்டின் தாங்கிகளும் (பெயாரிங்குகளும்) வெறுமையாகக் கிடந்து கறள் பிடிக்கும்.

எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி இரண்டு வீச்சு எண்ணெய் விடுங்கள். அவசர நிறுத்தக் கயிற்றை எடுத்துவிட்டு, பிளக் வயர்களை எஞ்சின் உடம்பில் தொடும்படி வைத்து, தொடக்கும் கயிற்றை மெதுவாக நாலைந்து தடவை இழுங்கள். எண்ணெய் சுவரெங்கும் பரவும். பிறகு பழைய பிளக்குகளையே பூட்டுங்கள். புதியவற்றைப் படகு இறக்கும் நாளுக்கு வையுங்கள். இப்போது போட்டால் எண்ணெயில் ஊறிவிடும்.

இதற்கென்றே தெளிப்பு எண்ணெய் விற்கிறார்கள். கிடைத்தால், எஞ்சின் எரிபொருள் தீர்ந்து நிற்கப்போகும் நேரத்தில் காபரேற்றர் வாயால் அடிக்கலாம். அது அச்சுத்தண்டுத் தாங்கிகளுக்கும் போய்ச் சேரும். கிடைக்காவிட்டால் தேக்கரண்டி முறை போதும்.

6. கியர் எண்ணெய்

எஞ்சினை ஓர் இரவு அசைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதில் ஒரு பங்கு அடியில் இறங்கும். காலையில் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்று கவனியுங்கள்.

எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டின் சீல் கிழிந்திருக்கும். நைலோன் நரம்பு தண்டைச் சுற்றி இறுகி அந்த சீலை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிய இடத்தில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தேடுங்கள். நம் கரையில் நரம்பு வலை இல்லாத இடமே இல்லை.

எண்ணெய் முழுவதும் வடிந்ததும் புதியதைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றுங்கள். மேல் துவாரம் திறந்திருக்கட்டும். மேலே எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகாணியைப் பூட்டுங்கள். அதன்பிறகே கீழிருந்து குழாயை எடுத்து, கீழ்த் திருகாணியைச் சட்டென்று பூட்டவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டு, பெட்டி நிறைந்ததுபோலத் தோன்றும், உண்மையில் நிறைந்திருக்காது. வாசர்களை மாற்றாமல் விட்டால் அந்த வழியாலேயே அடுத்த பருவத்தில் கடல்நீர் புகும்.

“பங்குனியில் எப்படியும் மாற்றத்தானே போகிறோம், அப்போது செய்வோம்” என்பார்கள். அதற்குள் தண்ணீர் கலந்த எண்ணெய் மூன்று நான்கு மாதம் கியர்ப் பற்களிலும் தாங்கிகளிலும் நிற்கும். குழி விழுந்த தாங்கியைப் புதிய எண்ணெய் குணப்படுத்தாது. சீல் போயிருந்தால் அதை மாற்றவும் உங்களுக்கு இப்போது நாள் இருக்கிறது.

7. தண்ணீர்ப் பம்ப், கிறீஸ், துத்தநாகம்

கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பழகாதவர்கள், முதல் தடவை பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கழற்றும்போது கியர் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துவையுங்கள். பூட்டும்போதும் அதே நிலையில் இருக்கவேண்டும். இம்பெல்லர் இதழ்களில் வெடிப்போ நிரந்தர வளைவோ இருந்தால் மாற்றுங்கள். ஓர் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடியே ஆகவேண்டும். அது மேலே போய்க் குளிராக்கும் பாதையை அடைத்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது தண்ணீர் ஏறும் குழாய் அதன் இருக்கையில் சரியாக உட்காரவேண்டும். ஒரு விரலளவு விலகினாலும் எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறாது.

கிறீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும், பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். புரொப்பெல்லர் தண்டின் பல்வரிகளில் பூசுங்கள். எஞ்சினைப் படகில் இறுக்கும் கைப்பிடித் திருகாணிகளையும் மறக்காதீர்கள். கறள் பிடித்து இறுகிய பிறகு அவற்றை அசைக்க முடியாது.

எஞ்சினில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது கரைவதனால்தான் அலுமினியம் கரையாமல் இருக்கிறது. அதன்மேல் பெயின்ற் பூசினால் வேலை செய்யாது.

8. எஞ்சினை வைக்கும் இடம்

நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைக்கவேண்டிய நிலை வந்தால், தலைப்பகுதி கீழ்ப்பகுதியைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. புகைபோகும் நடுத்தண்டில் தேங்கிய தண்ணீர் சரிந்து சிலிண்டருக்குள் போய்விடும். நீங்கள் விட்ட எண்ணெய்க்கு மேலே தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் பீச்சும் துவாரத்தையும் புகை வெளியேறும் வாயையும் எண்ணெய் தோய்த்த துணியால் அடையுங்கள். குளவி மண்கூடு கட்டுவதற்கு இவை மிகவும் பிடித்த இடங்கள். அடைத்த ஒவ்வொரு துணிக்கும் ஒரு நீளச் சிவப்புத் துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். இறக்கும் நாளில் கண்ணில் படவேண்டும். மூடிக்குள் எலி வயர் கடிக்கும். ஆகவே நெல்மூட்டை அடுக்கிய அறையில் எஞ்சினை வைக்கவேண்டாம்.

மேலே பருத்தித் துணியோ சாக்கோ போர்த்துங்கள், பொலித்தீன் வேண்டாம். எஞ்சின் இலக்கத்தையும் படகின் பதிவு இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களவு போனாலோ வெள்ளம் கொண்டுபோனாலோ, சங்கத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒளிவிளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பற்றரி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி முழுச் சார்ஜ் ஏற்றி வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் ஏற்றுங்கள்.

9. படகைக் கழுவி உலர்த்துதல்

இந்தப் பகுதியிலும் அடுத்த பகுதியிலும் வருவது புரட்டாதி வெயிலிலேயே முடித்திருக்கவேண்டிய வேலை. எஞ்சின் பகுதியை முதலில் எழுதியதற்குக் காரணம், அதில் ஒரு படி தவறினாலும் திரும்பச் செய்ய முடியாது என்பதுதான்.

அடியில் ஒட்டிய சிப்பிகளைப் படகு ஈரமாக இருக்கும்போதே மரத்தகட்டால் சுரண்டுங்கள். காய்ந்தபிறகு கத்தியால் சுரண்டினால் மேற்பூச்சும் சேர்ந்து வரும். பிறகு நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கழுவாத படகு எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முழுதாக உலராது.

தண்ணீர் வடியும் துவாரத்தின் தக்கையைக் கழற்றி, ஒரு கயிற்றில் கோத்து, எஞ்சினின் அவசர நிறுத்தக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். நிறுத்தக் கயிறு இல்லாமல் எஞ்சினைத் தொடக்க முடியாது. எனவே தக்கையையும் மறக்க முடியாது.

இழுக்கும் ஆட்கள் “படகு முன்னைவிடப் பாரம்” என்று சொன்னால் அதைக் கேளுங்கள். இருக்கைகளுக்குக் கீழே மிதப்புக்காக அடைத்த நுரைப்பகுதியில் தண்ணீர் புகுந்திருக்கலாம். வெடிப்பைக் கண்டுபிடித்து வடியவிட்ட பிறகே அதை மூடவேண்டும்.

10. பின்பலகையும் வெடிப்புகளும்

எஞ்சின் தொங்கும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும். அதைச் சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். திருகாணித் துவாரங்களிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே மரம் போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதிய கண்ணாடியிழையை ஒட்டி மறைப்பவர்கள் உண்டு. எஞ்சினோடு பலகை கழன்று கடலில் போகும் ஆபத்தைத்தான் அவர்கள் மூடி வைக்கிறார்கள். உக்கிய மரத்தை வெட்டி எடுத்து, உலர்ந்த புதுப் பலகை வைத்து, அதன்பிறகே மேலே இழை போடவேண்டும்.

வெடிப்பைத் திருத்தும்போது கோட்டின்மேல் மட்டும் பூசுவது பயன்படாது. சுற்றிலும் சரிவாகத் தேய்க்கவேண்டும். சரிவின் அகலம், படகுச் சுவரின் தடிப்பைப்போல ஏறத்தாழ 12 மடங்கு இருக்கட்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பானால் 6 சென்றிமீற்றர். பொலியெஸ்டர் றெசின் பழைய பரப்போடு வேதியியல்முறையில் இணைவதில்லை, ஒட்டிப் பிடிக்கிறது. பரப்புக் கூடினால்தான் பிடிப்பும் கூடும்.

ஹாட்னரை ஒரு கிலோ றெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை கலக்கலாம். நம் வெயிலில் குறைந்த அளவே போதும். கூட்டினால் கோப்பையிலேயே கொதித்து இறுகிவிடும், ஒட்டிய இடமும் நொறுங்கும். அளக்காமல் “கொஞ்சம் கூட” ஊற்றுவது வேலையைக் கெடுக்கும். தனியாக விற்கும் ஊதா நிற முடுக்கித் திரவத்தை ஹாட்னரோடு நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், அது வெடிக்கும். ஹாட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கவேண்டாம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குள் போகும். முகத்தில் துணியைக் கட்டுவது போதாது, முகமூடி வேண்டும்.

ஈரப் பரப்பில் றெசின் பிடிக்காது. காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் ஈரக்காற்று வருமுன் முடித்துவிடுங்கள்.

11. எங்கே, எப்படி நிறுத்துவது

முதல் விதி: களப்பு கடலோடு சேரும் தொடுவாயிலிருந்து விலகி நில்லுங்கள். மழை வெள்ளம் களப்பை நிரப்பினால் நந்திக்கடல் வட்டுவாகல் பக்கம் கடலை நோக்கி உடைத்துக்கொண்டு போகும். நாயாற்றிலும் கொக்கிளாயிலும் மணல்திட்டுகள் இடம் மாறும். கோடையில் உறுதியான கரையாக இருந்த இடம், மாரியில் ஒரே இரவில் ஆறாகிவிடும். அந்த மணல்திட்டில் விட்ட படகைப் பிறகு தேடிப் பயனில்லை.

கடற்கரையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் கோட்டைப் பாருங்கள். வழக்கமான அலை அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. படகை அதற்கும் உள்ளே, மேட்டில் ஏற்றுங்கள். இழுக்கும் வழியில் அந்தக் கொடிகளைப் பிய்த்துப் போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

படகு மணலில் நேரடியாகக் கிடக்கக்கூடாது. குறுக்கே மூன்று பனங்குற்றிகள் வைத்து ஏற்றுங்கள். ஈர மணல் அடிப்பக்கத்தை எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கும். கறையானும் அதன் வழியே பின்பலகை மரத்துக்கு ஏறும். அணியம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருக்கட்டும். அப்போதுதான் மழைநீர் தக்கைத் துவாரத்தால் தானாக ஓடும்.

தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். காற்றில் விழும் ஒரு தேங்காய் கண்ணாடியிழையை உடைக்கும். மரத்தோடு கட்டலாம், மரத்தடியில் வைக்கக்கூடாது. மரம் இல்லாவிட்டால், நீளமான குற்றியை ஒரு மீற்றர் ஆழத்தில் கிடையாகப் புதைத்து, அதன் நடுவில் கயிறு கட்டி மேலே கொண்டுவாருங்கள். செங்குத்தாக அடித்த முளை ஈர மணலில் உருவிக்கொண்டு வந்துவிடும். நான்கு மூலையிலும் கட்டுங்கள். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரயர்த் துண்டை வையுங்கள்.

நடுவில் நீளவாக்கில் ஒரு கம்பைக் கட்டி, அதன்மேல் தறப்பாளைக் கூரை போலப் போடுங்கள். இரண்டு முனையும் திறந்திருக்கட்டும். காற்று உள்ளே நுழைந்து வெளியேறவேண்டும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் தறப்பாளைக் கழற்றிவிடுங்கள். அது காற்றைப் பிடித்துப் படகையே தூக்கும்.

12. மழை நாட்களில் பார்க்கவேண்டியவை

ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு போய்ப் பாருங்கள். தக்கைத் துவாரத்தை ஒரு இலை அடைத்தாலே படகு தொட்டியாகிவிடும். தேங்கிய தண்ணீரின் பாரம் அடியை வளைக்கும், அதில் டெங்கு நுளம்பும் பெருகும். வடக்கில் டெங்கு கூடுவது இந்த மாதங்களில்தான். உள்ளே கைவிடுமுன் ஒரு கம்பால் தட்டுங்கள். வெள்ள நாட்களில் பாம்பு உலர்ந்த இடம் தேடி ஏறியிருக்கும்.

மார்கழி நடுவில் ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி, மீண்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அடிக்கடி கயிறு இழுத்துப் பார்ப்பது நல்லதல்ல. பூசியிருக்கும் எண்ணெய்ப் படலம் வழிக்கப்பட்டுவிடும்.

13. டீசல் எஞ்சின் பூட்டிய படகுகளுக்கு

உடலுக்குச் செய்யும் வேலை ஒன்றே. எஞ்சினில் மூன்று இடங்களில் முறை மாறுகிறது.

எஞ்சின் எண்ணெயை மூடி வைப்பதற்கு முன்னரே, சூடாக இருக்கும்போது மாற்றவேண்டும். ஓடிய எண்ணெயில் எரிதலின் அமிலங்கள் சேர்ந்திருக்கும். அவை மாதக்கணக்கில் பெயாரிங்குகளை அரிக்கும். மாற்றிய பிறகு சில நிமிடம் ஓடவிட்டுப் புதிய எண்ணெயை எங்கும் பரப்புங்கள்.

எரிபொருள் தாங்கியை வெறுமையாக்காமல் நிரப்பி வையுங்கள். பெரிய இரும்புத் தாங்கியில் வெற்றிடம் இருந்தால் இரவுக் குளிரில் சுவரில் ஈரம் வியர்த்து அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசியாக வடிகட்டியை அடைக்கும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

கடல்நீர் போகும் பாதையை நல்ல தண்ணீரால் கழுவி வடித்து, இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். தனிச்சுற்றில் ஓடும் குளிராக்கும் நீர் இருந்தால் அதற்குக் கிணற்றுநீர் மட்டும் ஊற்றவேண்டாம். குளிர்நாடுகளில் உறைவதற்கு எதிராகப் போடும் அதே திரவத்தில் கறள் தடுக்கும் பொருட்களும் உண்டு. நமக்கு அது தேவைப்படுவது இதற்காக. காற்று உறிஞ்சும் வாயையும் புகைபோக்கியையும் அடைத்து, அடைத்திருப்பதாக ஓர் அட்டையில் எழுதித் தொடக்கும் சாவியில் தொங்கவிடுங்கள். பெல்ற்றைத் தளர்த்தி, பற்றரியைக் கழற்றுங்கள்.

14. மீண்டும் இறக்கும் நாள்

அடைத்த துணிகள் எல்லாவற்றையும் எடுத்ததை எண்ணிப் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, தொடக்கும் கயிற்றைச் சில தடவை இழுத்துத் தேங்கிய எண்ணெயை வெளியேற்றுங்கள். அதன்பிறகே புதிய பிளக்குகள். எண்ணெய் தேங்கியபடி பிளக் பூட்டி இழுத்தால் கயிறு இறுகும், பிளக்கும் நனைந்துவிடும்.

புதிய எரிபொருளோடு முதலில் பீப்பாயில் தொடக்குங்கள். சில நிமிடம் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும்; உள்ளே பூசிய எண்ணெய் எரிகிறது, பயப்படவேண்டாம். தண்ணீர் பீச்சுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு நிமிடத்துக்குள் பீச்சாவிட்டால் நிறுத்துங்கள்.

முதல் ஓட்டத்தைக் களப்பிலோ கரையோரமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு கட்டாயம் படகில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் ஓடித் திரும்பியதும் எஞ்சினைப் பிடிக்கும் கைப்பிடித் திருகாணிகளை மீண்டும் இறுக்குங்கள். மறுநாள் காலை கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி ஒரு துளி பாருங்கள். நிறம் மாறாமல் இருந்தால் வலையை ஏற்றலாம்.